ஹோபார்ட்: பெயர் இருக்கிறது, மெஷின் எங்கே?

மோட்டார் ஜெனரேட்டர் வகை வெல்டிங் மெஷின்கள் பற்றியும், அவற்றைச் செய்து பெயர் வாங்கிய அமெரிக்க ஹோபார்ட் நிறுவனம் பற்றியும் வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் பீப்பாய் போல உருண்டையான ஒரு வெல்டிங் மெஷின் கிடக்கிறது. பெயர்ப்பலகையில் ‘ஹோபார்ட் பிரதர்ஸ், டிராய், ஓஹாயோ’ என்று இருக்கிறது. இந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா? – ஓசூர் வாசகர்

பதில்: கம்பெனி இருக்கிறது. அது இன்று செய்வது வெல்டிங்கில் உருகி இணைப்பாகும் கம்பியும் (சுருளாக வருவது) ராடும் (குச்சியாக வருவது). நீங்கள் பார்த்த மெஷினின் வாரிசு எதுவும் டிராய் நகரத்திலிருந்து வருவதில்லை.

டிராய் என்பது ஓஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு வடக்கே உள்ள சிறிய ஊர். சி.சி. ஹோபார்ட் அங்கே மோட்டாரும் டைனமோவும் செய்துகொண்டிருந்தவர். 1917இல் குடும்பத்தாருடன் ஹோபார்ட் பிரதர்ஸைத் தொடங்கினார். முதலில் விற்றது பேட்டரி சார்ஜர். கார்களில் கைப்பிடி சுற்றிக் கிளப்புவது போய் மின்சார ஸ்டார்ட்டர் வந்திருந்த காலம். கராஜ்களுக்கெல்லாம் சார்ஜர் தேவைப்பட்டது. அந்தச் சார்ஜரும் ஒரு மோட்டார், அதே தண்டில் ஒரு டி.சி. ஜெனரேட்டர் என்ற அமைப்புதான். வோல்டேஜையும் கரண்டையும் மாற்றி, லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கும்படி, காந்தம் தரும் ஃபீல்டு காயிலைச் சுற்றிவிட்டால் அதுவே வெல்டிங் மெஷின். 1920களின் நடுவில் அவர்கள் வெல்டிங்குக்குள் வந்தது இந்த வழியில்.

1930இல் வெல்டிங் பள்ளி. அதே பத்தாண்டில், வெல்டிங்கால் வீடே கட்டலாம் என்று காட்டுவதற்காக இரும்புத் தகட்டு வீடுகள். அவற்றில் சில டிராயில் இன்றும் நிற்கின்றன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் மட்டும் 2,700க்கு மேல். உடற்பகுதியை ரிவெட் அடிக்காமல் பெரும்பாலும் வெல்டிங்கால் இணைத்ததால்தான் அந்த வேகம் வந்தது. வெல்டிங் மெஷின் செய்த எல்லோருக்கும் அது அறுவடைக் காலம். போருக்குப் பின் குழாய்ப் பாதை வேலைக்கான இன்ஜின் மெஷின்கள், ராடு, கம்பி, விமான நிலையத்தில் நிற்கும் விமானத்துக்கு 400 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் வண்டிகள் என்று கிளை விரிந்தது.

1996இல் இல்லினாய் டூல் ஒர்க்ஸ் என்ற பெரிய குழுமம் ஹோபார்ட் பிரதர்ஸை வாங்கியது. அதே குழுமம் 1993இலேயே விஸ்கான்சின் மாநிலம் ஆப்பிள்டனில் உள்ள மில்லர் எலக்ட்ரிக்கை வாங்கியிருந்தது. ஒரே முதலாளிக்கு இரண்டு வெல்டிங் மெஷின் தொழிற்சாலைகள் எதற்கு? மெஷின் தயாரிப்பு மில்லர் பக்கம் போனது. ஹோபார்ட் என்ற பெயர் விவசாயிகளும் வீட்டுப் பட்டறைக்காரர்களும் வாங்கும் சின்ன மெஷின்களின் மேல் ஒட்டப்பட்டது. விமான மின்சார வண்டிப் பிரிவு தனியாகப் பிரிந்து, இன்று அதே குழுமத்தின் விமான நிலையக் கருவிப் பிரிவுக்குள் இருக்கிறது.

கேள்வி: பேக்கரிகளில் மாவு பிசையும் ஹோபார்ட் மெஷினும் இவர்களுடையதா? – கோவை வாசகி

பதில்: ஒரே மனிதர் தொடங்கியது, கம்பெனி வேறு. சி.சி. ஹோபார்ட் 1897இல் டிராயில் தொடங்கிய முதல் கம்பெனிதான் பிற்பாடு மாவு பிசையும் மெஷினுக்குப் போனது. கிச்சன்எய்டு மிக்சரும் அங்கே பிறந்ததுதான். அவர் அதிலிருந்து விலகிய பின் தொடங்கியது வெல்டிங் கம்பெனி. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமையல் கருவிக் கம்பெனியும் 1999இல் இதே இல்லினாய் டூல் ஒர்க்ஸ் கைக்குத்தான் வந்து சேர்ந்தது.

கேள்வி: அந்தக் கால ஜெனரேட்டர் மெஷினில் ஆர்க் வெண்ணெய் மாதிரி ஓடும் என்று மூத்த வெல்டர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு நல்ல மெஷின் செய்தவர்கள் ஏன் தோற்றார்கள்? – திருச்சி வாசகர்

பதில்: மூத்தவர்கள் சொல்வது சரி. சுழலும் ஆர்மேச்சரின் (ஜெனரேட்டருக்குள் சுற்றும் கம்பிச்சுருள் உருளை) எடையே ஒரு சேமிப்பு. லைன் வோல்டேஜ் ஒரு கணம் விழுந்தாலும் ஆர்க்குக்கு (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி) அது தெரியாது. ஷன்ட் ஃபீல்டுக்கு (காந்தம் தரும் முக்கியச் சுருள்) எதிராக வேலை செய்யும் சீரிஸ் ஃபீல்டு (வெல்டிங் கரண்டே ஓடும் சுருள்) ஒன்று இருப்பதால், ராடு ஒட்டிக்கொண்டாலும் கரண்ட் எல்லை மீறாது. ஒரு கைப்பிடியில் ரேஞ்ச், இன்னொன்றில் நுண்ணிய திருத்தம். குழாயின் ரூட் பாஸுக்கு (இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்டு) அதைவிட இணக்கமான மெஷின் அன்று கிடையாது.

அதை வீழ்த்தியவை மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் ராடு மாறியது. பூச்சில்லாத ராடும் மெல்லிய பூச்சு ராடும் டி.சி.யில்தான் ஒழுங்காக எரியும். பூச்சில் பொட்டாசியம் உப்புகள் சேர்ந்த பிறகு ஏ.சி.யிலும் ஆர்க் அணையாமல் நின்றது. உடனே சாதாரண டிரான்ஸ்பார்மரே வெல்டிங் மெஷின் ஆகிவிட்டது. நீல்ஸ் மில்லர் 1929இல் தொழில் தொடங்கியபோது குறி வைத்தது கிராமப்புற மின்சாரத்தில் ஓடும் சின்ன மெஷினைத்தான். மூன்று பேஸ் மோட்டார் வேண்டாம், சுழல்வது எதுவும் கிடையாது, தேய்வதும் கிடையாது.

இரண்டாவது சிலிக்கான் டயோடு. டிரான்ஸ்பார்மரோடு, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிபையர் சேர்ந்ததும் டி.சி.யும் சுழற்சியில்லாமல் கிடைத்தது. தொழிற்சாலைக்குள் மோட்டார் ஜெனரேட்டருக்கு இருந்த கடைசி நியாயமும் அதோடு போயிற்று. மின்கம்பி எட்டாத வெளியிடத்தில், இன்ஜினோடு சேர்ந்து மட்டும் அது பிழைத்தது.

மூன்றாவது இன்வெர்ட்டர், அதாவது மெயின் மின்சாரத்தின் ஃபிரீக்வென்சியை எலக்ட்ரானிக்ஸால் பல மடங்கு உயர்த்தும் மெஷின். 1977இல் பின்லாந்தின் கெம்ப்பி நிறுவனம் ‘ஹைலார்க்’ என்ற இன்வெர்ட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டிரான்ஸ்பார்மரின் அளவைத் தீர்மானிப்பது ஃபிரீக்வென்சி. 50 ஹெர்ட்ஸை 50,000 ஆக்கினால் கோர் (சுருளுக்குள் இருக்கும் காந்த உள்ளகம்) மிகவும் சிறுத்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடாது. ஃபெரைட் கோர் தாங்கும் காந்த அடர்த்தி சுமார் 0.3 டெஸ்லா, சிலிக்கான் எஃகுத் தகடு 1.5 வரை தாங்கும். ஆனாலும் வித்தியாசம் பெரிது. 400 ஆம்ப்ஸ் வகையில் மோட்டார் ஜெனரேட்டர் 400 கிலோவைத் தாண்டும். ரெக்டிபையர் மெஷின் 150 முதல் 200 கிலோ. இன்வெர்ட்டரை இரண்டு பேர் கையில் தூக்கிவிடலாம்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். 200 ஆம்ப்ஸில் ஆர்க் வோல்டேஜ் 28 என்று வையுங்கள் (20 + 0.04 × கரண்ட் என்பது ராடு வெல்டிங்குக்கான வழக்கமான சூத்திரம்). வெளியே வருவது 5.6 கிலோவாட். மோட்டார் ஜெனரேட்டரின் திறன் 50 சதவீதம் என்றால் உள்ளே இழுப்பது 11.2 கிலோவாட், இன்வெர்ட்டர் 85 சதவீதம் என்றால் 6.6. எட்டு மணி நேர ஷிப்டில் ஆர்க் எரிவது 30 சதவீதம், அதாவது 2.4 மணி. அதில் வித்தியாசம் 11 யூனிட். மீதி 5.6 மணி நேரமும் ஜெனரேட்டர் சும்மா சுழன்றுகொண்டே 2.5 கிலோவாட் தின்னும்; அது 14 யூனிட். நடுவில் நிறுத்தி வைக்கலாமே என்பீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஃபுல் லோடு கரண்டைப் போல ஆறு மடங்கு இழுக்கும், அதனால் யாரும் நிறுத்துவதில்லை. ஆக, வெல்டிங் செய்யும்போது வீணாவதைவிடச் சும்மா இருக்கும்போது வீணாவது அதிகம். ஒரு மெஷினுக்கு நாளுக்கு 25 யூனிட், 300 நாளுக்கு 7,500 யூனிட். பத்து மெஷின் உள்ள முதலாளி ஆர்க்கின் மென்மையைப் பற்றி வெல்டரிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ஹோபார்ட் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. டிரான்ஸ்பார்மர், ரெக்டிபையர், காஸ் பாதுகாப்பில் வெல்டிங் செய்யும் மிக், டிக் என்று எல்லா வகையும் செய்தார்கள். எங்கள் கணிப்பில் சிக்கல் தொழிற்சாலையின் உள்ளே இருந்தது. செம்புப் பட்டைகளுக்கு நடுவே மைகா வைத்து காம்யூடேட்டர் (கரி பிரஷ் உரசிக் கரண்ட் எடுக்கும் உருளை) கட்டுவது, ஆர்மேச்சர் சுற்றுவது, வார்னிஷில் ஊறவைத்துச் சுடுவது, பேலன்ஸ் பார்ப்பது ஆகியவை ஒரு தலைமுறை கற்றுக்கொள்ளும் கைத்திறன். போட்டியாளர் எவரும் எளிதில் எட்ட முடியாத இடம் அதுதான். டிரான்ஸ்பார்மரை யார் வேண்டுமானாலும் சுற்றலாம். சர்க்யூட் போர்டு செய்ய வேறு ஆட்கள், வேறு முதலீடு வேண்டும். ஆர்மேச்சருக்கு மதிப்புப் போனதும் குடும்பக் கம்பெனியின் தனிப்பலமும் போனது. வாங்குபவரைத் தேட வேண்டிய நிலை அப்படித்தான் வந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: லிங்கன் எலக்ட்ரிக்கும் அதே மாதிரி மெஷின்தானே செய்தது? அது மட்டும் எப்படி நிற்கிறது? – அம்பத்தூர் வாசகர்

பதில்: லிங்கனும் தப்பியது சுலபமாக இல்லை. வெளிநாடுகளில் அவசரமாகத் தொழிற்சாலைகள் வாங்கியதில் 1992இல் முதன்முறையாக நஷ்டக் கணக்குக் காட்டியது. தலைமையிடமான கிளீவ்லேண்டில் கொடுத்த துண்டுக்கணக்குக் கூலியும் (செய்த அளவுக்குக் கூலி) 1934 முதல் கொடுத்துவந்த ஆண்டு போனஸும் அந்த நேரத்தில் காப்பாற்றின. தவிர லிங்கன் அளவில் பெரியது. ஒரு பத்தாண்டு தவறு செய்தாலும் தாங்கும்.

நடுத்தர அளவில் இருந்தவர்கள்தான் காணாமல் போனார்கள். யூனியன் கார்பைடின் வெல்டிங் பிரிவு ‘எல்-டெக்’ ஆகி, 1989இல் சுவீடனின் ஈசாபிடம் போனது. விக்டர் டார்ச்சுகளை வைத்திருந்த தெர்மடைன் 2001இல் திவால் பாதுகாப்புக்குப் போய், பெயர் மாற்றி, 2014இல் ஈசாபின் தாய்க் கம்பெனியிடம் சேர்ந்தது. ஹோபார்ட்டுக்கு நடந்தது தனிக் கதை அல்ல, வரிசையில் ஒன்று.

கேள்வி: மெஷினைக் கைவிட்டவர்கள் வெல்டிங் கம்பியை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார்கள்? – ஷார்ஜாவிலிருந்து ஒரு ஃபோர்மேன்

பதில்: மெஷினை ஒரு தடவை விற்கலாம். கம்பியைத் தினமும் விற்கலாம். 1.2 மி.மீ. ஃபிளக்ஸ் கோர்டு கம்பி (உள்ளே பூச்சுத் தூள் நிரப்பிய கம்பி) மணிக்கு 3.5 கிலோ போடுகிறது என்றால், 2.4 மணி ஆர்க் நேரத்துக்கு நாளுக்கு 8.4 கிலோ, ஆண்டுக்கு இரண்டரை டன். ஒரு மெஷின் பத்து வருடம் ஓடினால் அதன் வழியே போகும் கம்பி 25 டன். எதில் காசு இருக்கிறது என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஹோபார்ட் பெயரில் வரும் ‘ஃபேப்ஷீல்டு’, ‘ஃபேப்கோ’ கம்பிகள் அப்படி நிலைத்தவை.

அந்தக் கம்பிகளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. காஸ் இல்லாமல் ஓடும் இ71டி-11 வகைக்கு டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும். காஸோடு ஓடும் இ71டி-1 வகைக்கு டார்ச் பாசிட்டிவ். ஒன்றை முடித்து இன்னொன்றை ஏற்றும்போது மெஷினுக்குள் லீடு மாற்றுவதை மறந்துவிட்டு, தெறிப்பு அதிகம், வெல்டுக்குள் ஓட்டை விழுகிறது என்று கம்பியைக் குறை சொல்வது வழக்கம். முதலில் அந்த இரண்டு போல்ட்டைப் பாருங்கள்.

கேள்வி: அவர்களுடைய வெல்டிங் பள்ளி இருக்கிறதா? – மதுரை பாலிடெக்னிக் மாணவர்

பதில்: இருக்கிறது. லாப நோக்கில்லாத அமைப்பாக ஹோபார்ட் வெல்டிங் தொழில்நுட்ப நிறுவனம் டிராயிலேயே நடக்கிறது. கம்பெனி கைமாறியும் பள்ளி மூடவில்லை. நமக்கு அருகே இந்த வேலைக்கு முக்கியமான இடம் திருச்சி பெல் வளாகத்திலுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: குஜராத்தின் கப்பல் உடைக்கும் தளமான அலங்கிலிருந்து வந்த, கப்பலில் இருந்த பழைய மோட்டார் ஜெனரேட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினோம். பலகையில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது, வெல்டிங் டெர்மினலில் வோல்டேஜே வரவில்லை. – தூத்துக்குடி வாசகர்

பதில்: முதலில் சுழலும் திசை. உடம்பில் அம்புக்குறி இருக்கும். தன்னைத்தானே காந்தமேற்றிக்கொள்ளும் ஜெனரேட்டர் தப்பான திசையில் சுழன்றால் வோல்டேஜ் எழும்பாது. மிச்சமிருக்கும் காந்தத்தையும் அழித்துவிடும். மெயினை அணைத்து மூன்று பேஸில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள். பாதிக் கேஸ் இதிலேயே முடியும்.

திசை சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பிரஷ். வருடக்கணக்கில் கிடந்த மெஷினில் பிரஷ் அதன் கூட்டுக்குள் இறுகிப் போயிருக்கும், காம்யூடேட்டர் பச்சை பிடித்திருக்கும். பிரஷ் தங்குதடையின்றி ஏறி இறங்க வேண்டும். காம்யூடேட்டரை நுண்ணிய உப்புத்தாளால் தேயுங்கள். எமரி தாள் வேண்டவே வேண்டாம். அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே பதிந்துகொண்டு தீப்பொறி விடும்.

அதன் பிறகும் வராவிட்டால் காந்தம் போய்விட்டது என்று பொருள். மெஷினை நிறுத்தி, ஷன்ட் ஃபீல்டின் இரண்டு முனைகளையும் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியைச் சரியான துருவத்தில் 5 முதல் 10 விநாடி கொடுங்கள். எடுக்கும்போது பொறி பறக்கும். பேட்டரி முனையில் எடுக்காமல் தள்ளி இருக்கும் முனையில் எடுங்கள். துருவம் மாறினால் மெஷினின் பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறிவிடும், அவ்வளவுதான். தனி எக்சைட்டர் (ஃபீல்டுக்கு மின்சாரம் தரும் சிறு ஜெனரேட்டர்) உள்ள மெஷின் என்றால் இதை எக்சைட்டரின் ஃபீல்டுக்குச் செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து வைண்டிங்குக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டாதீர்கள். கப்பலின் உப்புக்காற்று உள்ளே இறங்கியிருக்கும். பிரித்து, கழுவி, சூளையில் உலர்த்தி, வார்னிஷ் ஏற்ற வேண்டும். நீங்கள் ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள். இனியாவது செய்யுங்கள்.

இனி 60 ஹெர்ட்ஸ் விஷயம். 440ஐ 60ஆல் வகுத்தால் 7.33; நம் 415ஐ 50ஆல் வகுத்தால் 8.3. மோட்டார் கோரில் காந்தம் 13 சதவீதம் கூடுதல். லோடு இல்லாமலே சூடாகும், உறுமும். வேகமோ ஆறில் ஒரு பங்கு குறையும். ஜெனரேட்டரின் 80 வோல்ட் திறந்த சுற்று வோல்டேஜ் (ஆர்க் பற்றுமுன் இருப்பது) 66க்கும் கீழே போகலாம். 6013 ராடு பற்றிக்கொள்ளும், 7018 ஒட்டிக்கொள்ளும். குளிர்விக்கும் ஃபேனும் அதே தண்டில் மெதுவாகச் சுற்றுவதால் சூடு வெளியேறாது. செலவில்லாத வழி, பலகையில் உள்ள கரண்டில் 75 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வது. நல்ல வழி, மோட்டாரின் ஃபுல் லோடு கரண்டைவிட ஒரு படி பெரிய வி.எஃப்.டி. (ஃபிரீக்வென்சியை மாற்றித் தரும் கருவி) வைத்து 60 ஹெர்ட்ஸ் கொடுப்பது. 415 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றால் விகிதம் 6.9, கொஞ்சம் குறைவு, பாதகமில்லை. ஸ்டார்ட்டிங் கரண்டும் அடங்கும்.

கேள்வி: ரீவைண்டிங் செய்து வந்த வெல்டிங் ஜெனரேட்டரில் லோடு கொடுத்தால் மட்டும் பிரஷைச் சுற்றி நீலப் பொறி. பிரஷை மாற்றியும் போகவில்லை. – சேலம் வாசகர்

பதில்: லோடில் மட்டும் வருகிறது என்பதால் இன்டர்போலைச் சந்தேகிக்கிறோம். பெரிய போல்களுக்கு நடுவே உள்ள ஒல்லியான போல்கள் அவை. ரீவைண்டிங்கில் அவற்றின் இணைப்பு தலைகீழானால் இப்படித்தான் ஆகும். ஜெனரேட்டரில் ஒவ்வொரு இன்டர்போலும், சுழலும் திசையில் அதற்கு அடுத்து வரும் பெரிய போலின் துருவமாகவே இருக்க வேண்டும். திசைகாட்டி வைத்துப் பார்த்துவிடலாம். அடுத்தது பிரஷ் ஏந்தும் வளையம். கழற்றுமுன் குறி போடாமல் விட்டு, இடம் நகர்ந்திருந்தாலும் பொறி வரும்.

அவை சரியென்றால் காம்யூடேட்டரை டயல் வைத்துப் பாருங்கள். 0.08 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் லேத்தில் ஏற்றி, 0.1 மி.மீ. வீதம் மெல்லச் சீவி, மைகாவைப் பட்டையைவிட 0.8 மி.மீ. ஆழம் இறக்கி, ஓரங்களை லேசாக மழுக்குங்கள். எல்லாப் பிரஷும் ஒரே கிரேடாக இருக்கட்டும். புதுப் பிரஷுக்குக் கீழே உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே தெரியும்படி வைத்து, சுழலும் திசையில் இழுத்து, முகத்தில் முக்கால் பங்காவது படியும்வரை தேயுங்கள். சில வாரம் ஓடியபின் காம்யூடேட்டர் சாக்லேட் நிறத்துக்கு வந்தால் நல்லது. அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துப் பளபளப்பாக்க வேண்டாம்.

கேள்வி: இன்று இன்வெர்ட்டர் வாங்கினால், அந்தக் கம்பெனியும் இப்படிக் கைமாறிப் போனால் என்ன செய்வது? – ஈரோடு வாசகர்

பதில்: பழைய ஹோபார்ட்டுக்கு இருந்த வசதி இன்வெர்ட்டருக்குக் கிடையாது. கம்பெனி போனாலும் ஆர்மேச்சரை ஊரிலுள்ள ரீவைண்டிங் கடை சுற்றித் தரும், பேரிங் எங்கும் கிடைக்கும், பிரஷை வெட்டித் தேய்த்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டரின் கன்ட்ரோல் போர்டை அதைச் செய்தவர்தான் தர முடியும். எனவே வாங்குமுன் சில விஷயங்களைக் கேளுங்கள். கன்ட்ரோல் போர்டு தனியாக விற்பனைக்கு உண்டா, என்ன விலை? ஐ.ஜி.பி.டி. மாட்யூலின் (கரண்டை வேகமாகத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) மேல் அதன் எண் அழிக்கப்படாமல் இருக்கிறதா? சர்வீஸ் சென்டரில் போர்டு ஸ்டாக் இருக்கிறதா, வெளியூருக்கு அனுப்பி வரவழைப்பார்களா? ஒரே மாடலில் நாலு வாங்கினால் ஒரு போர்டு சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள்.

டியூட்டி சைக்கிளையும் கவனியுங்கள். 400 ஆம்ப்ஸ், 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம். நிறுத்தாமல் ஓட்ட 310 ஆம்ப்ஸ்தான். 400, 35 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது 236 ஆம்ப்ஸ் மெஷின். கிரைண்டர் தூள் பறக்கும் திசையில் மெஷினை வைக்காதீர்கள். இரும்புத் தூள் போர்டில் படிந்து ஷார்ட் ஆவதால் போகும் மெஷின்கள் ஏராளம். மாதம் ஒருமுறை மெயினைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் இறங்கப் பத்து நிமிடம் விட்டு, ஈரமில்லாத காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதி எடுங்கள். ஃபேன் சுற்றும் சத்தத்தில் மாற்றம் கேட்டால் அன்றே மாற்றுங்கள்.